ஆன்டிகிதேரா கருவி: உண்மையிலேயே ஓடியதா, வெறும் காட்சிப்பொருளா?

சந்தேகப்பிராணி

"2000 வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர்" என்று ஆன்டிகிதேரா கருவியின் படம் மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் இந்த இழை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிரீட்டுக்கு வடமேற்கே ஆன்டிகிதேரா என்று ஒரு குட்டித் தீவு. 1900இல் கடற்பஞ்சு எடுக்கப் போனவர்கள் அதன் கரையோரம் மூழ்கிக் கிடந்த பழைய கப்பலைக் கண்டார்கள். சிலைகளோடு சேர்ந்து மேலே வந்த களிம்பேறிய ஒரு கட்டியில் பல்சக்கரம் இருப்பதை 1902இல் தொல்பொருள் ஆய்வாளர் வலேரியோஸ் ஸ்டாயிஸ் கவனித்தார். இன்று ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் 82 துண்டுகளாக இருக்கிறது. அவற்றில் 30 பல்சக்கரங்கள். பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் முன்பக்க முட்கள் சூரியனும் சந்திரனும் எங்கே என்று காட்டும், பின்பக்க முட்கள் நாட்காட்டியையும் கிரகணத்தையும் காட்டும். சொல்லப்படுவது இது.

என் கட்சி: காட்டியிருக்காது. 2025இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் இந்தச் சக்கரங்களைக் கணினியில் சுழல விட்டுப் பார்த்தார்கள். துண்டுகளில் அளந்த பிழைகளை அப்படியே கொடுத்தால் பல் சிக்கிக்கொள்கிறது, இல்லாவிட்டால் பிடி விட்டுப்போகிறது. பணக்கார வீட்டுக் கூடத்தில் வைத்து விருந்தாளிகளுக்குக் காட்ட நல்ல சாமான். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அரம்பிடித்தவன்

அண்ணே, அந்த ஆய்வில் உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். பல் முக்கோணமாக இருப்பதால் மட்டும் வரும் பிழை சொற்பம் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. சிக்கவைப்பது பல்லுக்குப் பல் இடைவெளி ஒழுங்காக இல்லாதது. அந்த ஒழுங்கின்மையை எதில் அளந்தார்கள்? உப்புத் தண்ணீரில் 2000 வருஷம் ஊறி, உலோகம் செத்து வெறும் களிம்பாகிப் போன துண்டுகளில். செய்தவன் விட்ட பிழை எது, கடல் செய்த பிழை எது என்று யார் பிரிப்பது? செய்தபோது இருந்த பிழை இதைவிடக் குறைவாக இருந்திருக்கலாம் என்று அவர்களே வழி விட்டிருக்கிறார்கள்.

நான் கியர் வெட்டிப் பிழைப்பவன். அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். இதிலுள்ள பெரிய சக்கரம் சுமார் 13 செ.மீ. விட்டம், 220 பல்லுக்கு மேல். ஒரு பல்லுக்குக் கிடைக்கும் இடம் 2 மி.மீ.கூட இல்லை. தகடு இட்லித்தட்டு கனம்தான். இப்படிப்பட்ட சக்கரத்தை அரத்தால் ராவினால் பல் முக்கோணமாகத்தான் வரும். முக்கோணப் பல்லுக்கு நடுவே கொஞ்சம் தாராளமாக இடம் விட்டுக் கோத்தால் ஆட்டம் இருக்கும், ஆனால் சிக்காது. கடிகாரம்போல எடைக்கல் இதை இழுத்துக்கொண்டே இருக்கவில்லை. மனுஷன் கை சுற்றுகிறது. இறுகினால் கைக்குத் தெரியும், லேசாகப் பின்னால் விட்டு மறுபடி சுற்றலாம்.

1959இலேயே அறிவியல் வரலாற்றாசிரியர் டெரெக் டி சொல்லா பிரைஸ் ஒன்று எழுதினார்: முதன்மைச் சக்கரத்தின் ஆரக்கால் ஒன்று பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது, ஒரு சிறு சக்கரத்தில் உடைந்த பல்லுக்குப் பதில் புதுப்பல் வைத்திருக்கிறார்கள். அலமாரியில் சும்மா வைத்த சாமானுக்குப் பல் ஏன் உடைகிறது?

சந்தேகப்பிராணி

சிக்கினால்தான் பல் உடையும் தம்பி. எனக்கு வேண்டிய சாட்சியை நீங்களே கொண்டுவந்து கொடுத்துவிட்டீர்கள்.

கணக்கு டீச்சர்

ஓடியதா இல்லையா என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருங்கள். எனக்கு ஆச்சரியம் பல்லின் வடிவத்தில் இல்லை, பல்லின் எண்ணிக்கையில்தான்.

19 வருஷத்தில் 235 அமாவாசை வரும் என்பது பாபிலோனியருக்கே தெரியும். அந்த 19 வருஷத்தில் சந்திரன் நட்சத்திரங்களின் ஊடே 254 முறை சுற்றிவிடும் (235உடன் 19ஐக் கூட்டுங்கள்). ஆக, சூரிய முள் 19 சுற்று சுற்றும்போது சந்திர முள் 254 சுற்ற வேண்டும். இதைச் சக்கரத்தில் எப்படிக் கொண்டுவந்தார்கள் பாருங்கள்: 64 பல் 38 பல்லைத் தள்ளுகிறது, அதே அச்சிலுள்ள 48 பல் 24ஐத் தள்ளுகிறது, அடுத்த அச்சிலுள்ள 127 பல் 32ஐத் தள்ளுகிறது. 64/38, 48/24, 127/32 மூன்றையும் பெருக்குங்கள். சரியாக 254/19 வரும். மிச்சம் மீதி இல்லை.

127 பகா எண். அதைச் சின்னதாக உடைக்க வழியே இல்லை, அந்தச் சக்கரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். கிரகண முள்ளுக்கு 223. அதுவும் பகா எண். 223 மாதம், அதாவது 18 வருஷம் 11 நாள் சொச்சத்தில் கிரகணங்கள் அதே வரிசையில் திரும்பும்.

வெள்ளிக் கிரகத்துக்கு வந்தால் இன்னும் அழகு. பாபிலோனியர் வைத்திருந்த நுட்பமான கணக்கு 1151 வருஷத்துக்கு 720 சுழற்சி (பூமியிலிருந்து பார்க்கும்போது வெள்ளி சூரியனை ஒட்டி அதே நிலைக்குத் திரும்பினால் ஒரு சுழற்சி). 1151ம் பகா எண், ஆனால் அத்தனை பல் வைத்து எவனாலும் சக்கரம் வெட்ட முடியாது. கருவியின் முன்மூடி எழுத்தில் வெள்ளிக்குக் கிடைத்த எண் 462. 462 வருஷத்துக்கு 289 சுழற்சி. 289 என்பது 17×17. 462 என்பது 2×3×7×11. எல்லாம் வெட்டக்கூடிய சக்கரங்கள்! துல்லியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பட்டறையில் முடியக்கூடிய எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். 1680களில் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் தன் கோள் இயந்திரத்துக்கு இதே வேலையைத் தொடர்பின்னம் (பெரிய விகிதத்துக்கு நெருக்கமான சின்ன விகிதத்தைத் தேடும் வழி) போட்டுச் செய்தார், சனிக்கு 206/7 என்று. இந்தக் கிரேக்கர்கள் அவருக்கு 1700 வருஷம் மூத்தவர்கள்.

அரம்பிடித்தவன்

டீச்சர், 127 என்றதும் சிரித்துவிட்டேன். லேத் தெரிந்தவனுக்கெல்லாம் அந்த எண் தெரியும். இஞ்ச் லேத்தில் மெட்ரிக் மரை வெட்ட 127 பல் சக்கரம் மாட்டியாக வேண்டும், ஒரு இஞ்ச் 25.4 மி.மீ. என்பதால். அங்கே 254 சுற்று, இங்கே 25.4 மில்லிமீட்டர். தற்செயல்தான், ஆனால் விட மனசில்லை.

இன்றைக்கு மில்லிங் மெஷினில் 127 வெட்ட வேண்டுமானால் சாதாரணத் துளைத்தட்டு உதவாது. டிவைடிங் ஹெட்டில் (வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரித்துத் திருப்பும் சாதனம்) மாற்றுக் கியர்களைப் பூட்டி டிஃபரன்ஷியல் இண்டெக்ஸிங் போட வேண்டும். அவன் கையில் இருந்தது கவராயமும் அரமும்.

சோழிக்கணக்கன்

டீச்சர் சொன்னதை வைத்தே நான் சந்தேகப்பிராணி பக்கம் சாய்கிறேன். எண்ணைத் தேர்ந்தெடுத்தது மனுஷன். காரணி கண்டுபிடித்தது மனுஷன். கணக்கு முழுக்கத் தகட்டில் கை வைப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. கருவி அதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1825இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், ஜான் வாரன் என்ற அதிகாரிக்குச் சந்திர கிரகணம் கணித்துக் காட்டினார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களை (எண்களைச் சொற்களில் பொதிந்த வரிகள்) சொல்லிச் சொல்லிச் சோழியை நகர்த்தினார். ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. அந்த வாக்கிய முறையின் ஆணிவேர் 248 நாள்: சந்திரன் வேகமாகி, மந்தமாகி, மறுபடி பழைய வேகத்துக்கு வரும் சுற்று ஒன்பது முடிந்தால் 248 நாள். இந்த 248ம் பாபிலோனிலிருந்து வந்ததுதான் என்று வானியல் வரலாற்றாசிரியர் நியூகெபவர் 1952இல் எழுதினார். ஒரே மூலதனம். கிரேக்கன் அதை வெண்கலத்தில் போட்டான், நம்மாள் நினைவில் போட்டார். நினைவில் போட்ட கணக்கில் பல் சிக்காது.

கணக்கு டீச்சர்

சோழி உதாரணம் அருமை, ஆனால் அது உங்களுக்கு எதிராகத்தான் திரும்புகிறது. சந்திரனின் வேகம் மாறுவதைப் புதுச்சேரிக்காரர் 248 வாக்கியங்களில் நாளுக்கு ஒன்றாக மனப்பாடம் செய்தார். அது ஏற்கெனவே கணித்துவைத்த விடைகளின் பட்டியல். திருப்பிச் சொல்வது என்றால் அதுதான் திருப்பிச் சொல்வது.

கருவிக்குள்ளே பட்டியலே கிடையாது. 50 பல் சக்கரங்கள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. இரண்டின் மையமும் ஒரே இடத்தில் இல்லை, சுமார் 1.1 மி.மீ. தள்ளி இருக்கிறது. கீழ்ச் சக்கரத்தில் ஒரு முளை, மேல் சக்கரத்தில் ஒரு நீள்துளை. முளை துளைக்குள் நுழைந்து மேல் சக்கரத்தைத் தள்ளுகிறது. மையம் விலகியிருப்பதால் முளை துளைக்குள் முன்னும் பின்னும் வழுக்கும். கீழே ஒரே வேகம், மேலே ஒரு பாதியில் வேகம், மறுபாதியில் மந்தம். வானத்தில் சந்திரன் போகிற மாதிரியே! போதாததற்கு இந்த ஜோடி முழுவதும் அந்த 223 பல் சக்கரத்தின் முதுகில் சவாரி செய்கிறது. சந்திரன் வேகமெடுக்கும் இடமே வானத்தில் சுமார் 9 வருஷத்துக்கு ஒரு முறை சுற்றி வருகிறதே, அதற்காக. முளையையும் துளையையும் முதலில் அடையாளம் கண்டவர் கருவியை ஆராய்ந்த மைக்கேல் ரைட். 2005இல் 8 டன் எக்ஸ்ரே இயந்திரத்தை ஏதென்ஸுக்கே தூக்கிக்கொண்டுபோய்ப் படமெடுத்த பிறகு, 2006இல் டோனி ஃப்ரீத்தின் ஆய்வுக்குழு அது எதற்கு என்பதை விளக்கியது.

இன்னொன்று: சந்திர முள்ளில் பாதி கறுப்பு பாதி வெள்ளையாக ஒரு சிறு உருண்டை. அது பிறை காட்டும். சந்திரன் சுற்றியதிலிருந்து சூரியன் சுற்றியதைக் கழித்தால் பிறை. அந்தக் கழித்தலை அங்கேயே ஒரு சக்கரம் செய்கிறது. யார் தலையிலும் அந்த விடை முன்கூட்டி இல்லை.

சந்தேகப்பிராணி

முளை-துளை அற்புதம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 1.1 மி.மீ. விலகலைப் பல்லின் ஆட்டமே விழுங்கியிருக்குமே? பொறியியல் யோசனை ஒன்று, அது கையில் வேலை செய்வது வேறொன்று. ரோமானிய எழுத்தாளர் சிசரோவைத் தூக்கிக்கொண்டு யாரும் வராதீர்கள். ஆர்க்கிமிடீஸின் கோளத்தைச் சுற்றிக் காட்டினார்கள் என்று அவர் எழுதியது, அவர் பிறப்பதற்கு முன்பு நடந்ததாக ஓர் உரையாடலில் ஒரு பாத்திரம் சொல்வது.

"கணினியின் பாட்டன்" கதையும் வேண்டாம். 1642இல் பாஸ்கல் கூட்டல் இயந்திரம் செய்தபோது இது கடலுக்கடியில் கிடந்தது. பாஸ்கலின் முக்கியப் பிரச்சினை 9 தாண்டினால் அடுத்த இலக்கத்தை ஒன்று ஏற்றுவது. அதற்கு எடையுள்ள ஒரு கொக்கி விழுந்து அடுத்த சக்கரத்தைத் தள்ளும்படி செய்தார். ஆன்டிகிதேராவில் அந்தப் பிரச்சினையே இல்லை. கணினிக்கு முன்னோடியான கணக்கு இயந்திரங்களை 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த பாபேஜ் வந்ததும் பாஸ்கல் வழியில்தான்.

அரம்பிடித்தவன்

பாட்டன் இல்லை, சரி. ஆனால் பங்காளி. இயற்பியலாளர் கெல்வின் 1872இல் செய்த ஓதம் (கடல் ஏற்றவற்றம்) கணிக்கும் இயந்திரம் எந்த வழி? நிலவு இழுப்பது ஒரு சக்கரம், சூரியன் இழுப்பது ஒரு சக்கரம், எல்லாவற்றையும் கப்பிகள் வழியாக ஒரே கயிறு கூட்டும். அதிலும் இலக்கம் ஏற்றுவது கிடையாது. அமெரிக்கப் பொறியாளர் வான்னெவர் புஷ் 1931இல் செய்ததும் இலக்கமில்லாத இயந்திரம்தான். கணினி என்றால் பாபேஜ் மட்டும்தான் என்று முடிவுகட்ட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கைவேலையும் அறுந்து போகவில்லை. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பைசாந்தியக் காலத்துச் சூரியக் கடிகாரம் ஒன்று பல்சக்கரத்தோடு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனி அதே மாதிரி ஒன்றை விவரிக்கிறார். ஆக்ஸ்போர்டில் இஸ்ஃபஹானில் 1221 வாக்கில் செய்த ஆஸ்ட்ரோலேபின் (நட்சத்திரங்களின் நிலையை அளக்கும் கருவி) முதுகில் பல்சக்கர நாட்காட்டி. எல்லாம் முக்கோணப் பல்.

சந்தேகப்பிராணி

அவை எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய சக்கரங்கள். ஒன்றிலும் முளை-துளை இல்லை. தெரிந்த கலை தேய்ந்துபோனதற்குத்தான் அது சாட்சி.

டீச்சருக்கும் ஒன்று: வெள்ளிக்கான இயக்கம் மொத்தமும் 2021இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் குழு போட்ட அனுமானம். கிடைத்த 30ஐ மட்டும் வைத்துப் பேசுவோம்.

கணக்கு டீச்சர்

462 அனுமானம் இல்லை, எழுத்தில் இருக்கிறது. கிடைத்த 30இல் 63 பல் சக்கரம் ஒன்று வேறெங்கும் பொருந்தாமல் தனித்துண்டாக இருக்கிறது. அந்தக் குழு வெள்ளிக்குப் போட்ட வரிசை 51/44, 34/26, 26/63. பெருக்கிப் பாருங்கள், 289/462. நிரூபணம் என்று சொல்லமாட்டேன். வேறு இடம் இருந்தால் நீங்கள் காட்டுங்கள்.

அரம்பிடித்தவன்

வாய்ச்சண்டை போதும். 50 பல் ஜோடியையும் அதற்கு முந்தைய ஆறு சக்கரங்களையும் நான் வெட்டுகிறேன். சிக்குகிறதா, ஆட்டம் அந்த 1.1ஐ விழுங்குகிறதா என்று வீடியோ போடுகிறேன்.

சந்தேகப்பிராணி

நிபந்தனை: கவராயம், அரம் இரண்டும்தான். டிவைடிங் ஹெட்டைத் தொட்டால் ஆட்டம் செல்லாது. வெள்ளீயம் குறைவாகக் கலந்த வெண்கலத் தகடு, பித்தளை கூடாது.

அரம்பிடித்தவன்

சம்மதம். தகட்டுக் காசு உங்களுடையது.