மெயில் சர்வரின் பாதுகாப்பு ஆடிட்டில் உங்களுக்கு நேர்ந்தது என்ன? மூன்று பேரின் பதில்கள்:

2019 ஜூன். எங்கள் மெயில் சர்வரில் ஓடியது டெபியன் 9 (லினக்ஸ் இயங்குதளம்), அதன் மேல் மெயில் மென்பொருளான எக்ஸிம் 4.89. வாடிக்கையாளர் அனுப்பிய ஆடிட் குழு ஸ்கேனரை ஓட்டிவிட்டு, சிவப்பு எழுத்தில் ஒரு வரி கொடுத்தது: சிவிஇ-2019-10149 (பாதுகாப்பு ஓட்டை ஒன்றின் பதிவு எண்) இருக்கிறது, உடனே எக்ஸிம் 4.92-க்கு மாற வேண்டும்.

அது விளையாட்டான ஓட்டை இல்லை. பெறுநர் முகவரிக்குள்ளேயே கட்டளையை ஒளித்து அனுப்பி, ரூட் உரிமையோடு, அதாவது சர்வரின் முழு அதிகாரத்தோடு, ஓட்டிவிடலாம். அந்த மாதமே அதை வைத்து தானாகவே பரவும் ஒரு வார்ம் கிளம்பியது. அதனால் கோபப்படுவதற்கு முன்னால் சர்வரைத்தான் பார்த்தேன். எக்ஸிம் பேக்கேஜின் பதிப்பு எண்ணில் பின்னொட்டு டெப்9யு4, இந்த ஓட்டைக்கான டெபியனின் திருத்தம் சேர்ந்த பதிப்பு. அதாவது ஓட்டை அடைபட்டாயிற்று. டெபியன் தன் நிலையான வெளியீட்டில் பதிப்பை உயர்த்தாது; திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே சேர்த்துவிடும். ஸ்கேனருக்குத் தெரிந்தது பேனரில் (இணைந்ததும் சர்வர் தன்னை அறிமுகப்படுத்தும் வரியில்) இருந்த 4.89 மட்டும்தான்.

பேக்கேஜின் மாற்றப் பட்டியலான சேஞ்ச்லாகில் அந்த சிவிஇ எண் வரும் வரியை ஆடிட் குழுவுக்கு அனுப்பினேன். "அடுத்த ஸ்கேனிலும் வந்தால் ஃபெயில்தான்" என்று பதில் வந்தது. பேனரில் எண்ணை மறைத்துவிடலாமே என்றார் மேனேஜர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ரிப்போர்ட் பச்சையாகும், சர்வரில் ஒன்றும் மாறியிருக்காது. அதற்குப் பேர் பாதுகாப்பா? கடைசியில் ஆடிட்டரைப் போனில் கூப்பிட்டு, டெபியனின் பாதுகாப்புப் பக்கத்தை இருவரும் சேர்ந்தே படித்தோம். பத்து நிமிடம்தான். 'தவறான எச்சரிக்கை' என்று அவரே குறித்துக்கொண்டார்.

—

எங்களுக்கு வந்த குற்றச்சாட்டு 'ஓப்பன் ரிலே', அதாவது யார் வேண்டுமானாலும் எங்கள் சர்வர் வழியாக வெளியே மெயில் அனுப்பலாம் என்பது. படித்ததும் வயிற்றைக் கலக்கியது. விசாரித்தால், ஆடிட்டர் எங்கள் அலுவலக நெட்வொர்க்குக்குள் உட்கார்ந்து சோதித்திருக்கிறார். எங்கள் மெயில் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் உள் நெட்வொர்க்குக்கு அனுமதி உண்டு, அதனால் 250 ('சரி' என்ற பதில்) வந்திருக்கிறது. வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரிலிருந்து அதே கட்டளைகளை அடித்துக் காட்டினேன்: 554, ரிலே மறுப்பு. அந்த உரையாடலை முழுதாக அப்படியே பதிலில் ஒட்டினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அனுமதிப் பட்டியலில் 10 என்று தொடங்கும் உள் முகவரிகள் (10.0.0.0/8) முழுவதையும் போட்டிருந்தோம். வைரஸ் பிடித்த ஒரு பிசி போதும், எங்கள் பெயரில் ஸ்பாம் கொட்டும். ஆடிட்டர் வைத்த பெயர்தான் தப்பு, கவலை சரி. இப்போது பிரிண்டருக்கும் பில்லிங் சர்வருக்கும் மட்டும் அனுமதி. அதையும் பதிலில் எழுதினேன்.

—

எனக்கு: மற்ற சர்வர்கள் மெயில் கொண்டுவரும் 25-ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் என்ற குறியாக்கத்தைக் கட்டாயமாக்கு என்றார்கள் ஆடிட்டர்கள். பொதுவில் மெயில் வாங்கும் சர்வர் ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸை (அந்தக் குறியாக்கத்தைத் தொடங்கும் கட்டளையை) கட்டாயமாக்கக் கூடாது என்று 2002-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 3207 தெளிவாகவே சொல்கிறது. கட்டாயமாக்கினால் குறியாக்கம் தெரியாத பழைய சர்வர்களின் மெயில் நமக்கு வந்தே சேராது. அந்தப் பத்தியை எடுத்துக் காட்டினேன். நம் ஆட்கள் பாஸ்வேர்டு போட்டு அனுப்பும் 587-ஆம் போர்ட்டில் கட்டாயமாகத்தான் வைத்திருக்கிறேன் என்று அதன் கான்ஃபிக் வரியையும் சேர்த்தேன். மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள்.