இதய மாத்திரை தொடங்கியதும் கிரியேட்டினின் 1.9: நிறுத்தணுமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு வயது 62. சர்க்கரையால் கிட்னி ஏற்கெனவே பாதிப்பு. போன மாதம் எக்கோவில் இதயத்தின் பம்பிங் 35% என்று வந்தது. இதயத்துக்கு சாக்குபிட்ரில்-வல்சார்டன் 50 மி.கி. இரண்டு வேளை, இதயத்துக்கும் சர்க்கரைக்குமான டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., நீர் பிரிய வைக்கும் ஃபுரோசமைடு 40 மி.கி. காலையில் கொடுக்கிறோம். கால் வீக்கம் வடிந்துவிட்டது, எடை 71-லிருந்து 67, மூச்சு வாங்குவதும் இல்லை. ஆனால் மூன்றாவது வாரம் எடுத்த டெஸ்டில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.6-லிருந்து 1.9, இஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் வேகம்) 48-லிருந்து 39, பொட்டாசியம் 5.1. "இதய மாத்திரை கிட்னியைத் தின்கிறது, நிறுத்து" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்வது?

நெஃப்ரான்:
நீங்களாக நிறுத்தாதீர்கள். கிரியேட்டினினில் இது 19% ஏற்றம். இந்த மருந்துகளைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் 30% வரை ஏறுவதைப் பொதுவாக ஏற்றுக்கொள்வோம். கிட்னி வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் நுண்குழாயை வல்சார்டன் தளர்த்துகிறது. உள்ளே வரும் குழாயை டாபாகிளிஃப்ளோசின் சற்று இறுக்குகிறது. வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்குவதால் இஜிஎஃப்ஆரும் கொஞ்சம் இறங்கும். ஆனால் அந்த அதிக அழுத்தம்தான் வருடக்கணக்கில் வடிகட்டியைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

இதயம் பலவீனமானால் கிட்னிக்கு ரத்தம் போதாது என்று மட்டும் நினைக்கிறோம். ரத்தம் திரும்பிப் போக முடியாமல் கிட்னியின் சிரையில் தேங்குவதும் அதே அளவு கெடுதல். தேக்கம் ஏற ஏற வடிகட்டல் குறையும், கிட்னி உப்பையும் நீரையும் இன்னும் பிடித்து வைக்கும், அந்தச் சுமை மறுபடி இதயத்தின் மேலேயே விழும். அதனால் 4 கிலோ நீர் வடிந்த பிறகு வந்த 1.9 வேறு, கால் வீங்கி மூச்சு திணறும்போது வரும் 1.9 வேறு. இரண்டாவதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

இரண்டு வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் மறுபடி பாருங்கள். 30%-ஐத் தாண்டினால் நீர்ச்சத்துக் குறைவா, பிபி ரொம்ப இறங்கியதா, வலி மாத்திரையா, கிட்னி தமனியில் அடைப்பா என்று தேட வேண்டும்.

மருந்தாளுநர்:
மேலே சொன்னதோடு ஒன்று. வீக்கம் முழுக்க வடிந்து, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் முதலில் குறைக்க வேண்டியது ஃபுரோசமைடு. பலர் அதை விட்டுவிட்டு வல்சார்டனில் கை வைக்கிறார்கள். டாக்டரிடம் இதைக் கேளுங்கள். மாறாக எடை மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே சொல்லுங்கள். நீர் பிரியவில்லை என்று 40-ஐ 20, 20 ஆகப் பிரித்துக் கொடுப்பது வீண். பழுதான கிட்னியில் ஒரு வேளை மருந்து குறிப்பிட்ட அளவை எட்டினால்தான் வேலை செய்யும். அந்த வேலையும் சுமார் ஆறு மணி நேரம்தான். குடலும் வீங்கியிருந்தால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. அப்போது அதே வகை நீர் மாத்திரையான டோர்செமைடு மேல்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் கூடவே கூடாது. பழைய ராமிப்ரில் (பிபி, இதய மாத்திரை) பட்டை வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். சாக்குபிட்ரில்-வல்சார்டனோடு சேர்ந்தால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சே அடைக்கலாம்; ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற 36 மணி நேர இடைவெளி வேண்டும்.

உப்புக்கணக்கு:
பொட்டாசியம் 5.1-க்கு முதலில் சமையலறையைப் பாருங்கள். "லோ சோடியம்" உப்பு வாங்குகிறீர்களா? அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சாதா உப்பே போடுங்கள், நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான். இளநீர் வேண்டாம். கிழங்கு, கீரையை நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கி மூடினாலோ, மாதிரியில் அணுக்கள் உடைந்தாலோ பொட்டாசியம் பொய்யாக ஏறும். 5.5-க்கு மேல் வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் பேசுங்கள்; ஈசிஜி-யும் மறு டெஸ்டும் தேவைப்படும்.

வைகைக்கரை:
லோ சோடியம் உப்புதான் வாங்கிக்கொண்டிருந்தோம், மாற்றிவிடுகிறோம். வயிற்றுப்போக்கு வந்தால்?

நெஃப்ரான்:
வாந்தி, பேதி, சாப்பிடவே முடியாத காய்ச்சல் என்றால் அன்றே டாக்டருக்குப் போன் போடுங்கள். டாபாகிளிஃப்ளோசின், ஃபுரோசமைடு, சாக்குபிட்ரில்-வல்சார்டன் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். வழக்கம்போல் சாப்பிடத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்தில் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். நிறுத்தியதை மறந்து அப்படியே விட்டுவிடுவதால்தான் பலர் மறுபடி வீக்கத்தோடு அட்மிட் ஆகிறார்கள்.