சப்வூஃபர் பாக்ஸ்: 'அடைகூடு', 'மடைக்கூடு' என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கார் டிக்கிக்குள் ஃபைபரில் செய்கிற சப்வூஃபர் பாக்ஸுக்கு, அதாவது அடிநாதத்தை (பேஸை) ஒலிக்கிற ஸ்பீக்கரைப் பொருத்தும் பெட்டிக்கு, தமிழில் என்ன சொல்வது என்று போன வாரம் நம் சொல்லாக்கக் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். 'ஒலிக்குடம்', 'முழக்கப் பெட்டி', 'அதிர்வறை' என்று மூன்று சொற்கள் பதிலாக வந்திருக்கின்றன. மூன்றும் காதுக்கு இனிமைதான். ஆனால் மூன்றையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொற்களில் இருக்கிற அதே எண்ணத்தை நம்பி நான் ஒரு பாக்ஸைக் கெடுத்திருக்கிறேன்.

வீணையின் குடம் பலா மரத்தில் குடைந்தது. தந்தியின் அதிர்வைக் குடமும் அதன் மேல்பலகையும் வாங்கிக்கொண்டு, தாமும் அதிர்ந்து, ஒலியைக் காற்றில் ஏற்றுகின்றன. சங்கப் பாட்டுகள் 'பத்தர்' என்றும் 'பத்தல்' என்றும் சொல்கிற யாழின் உடற்பகுதிக்கும் அதே வேலைதான். அங்கே கூடு அதிர வேண்டும். அதனால் 'குடம்' என்று கேட்டதுமே, சப்வூஃபர் பாக்ஸும் அதிர்ந்தால்தான் பேஸ் வரும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டிக்கியின் இடது ஓரம், மட்கார்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளம். அங்கே மாஸ்கிங் டேப்பையும் அலுமினியத் தாளையும் ஒட்டி, அதன்மேல் மேட் எனும் கண்ணாடியிழை விரிப்பையும், அதை இறுக்குகிற ரெசின் எனும் பிசினையும் போட்டு அச்சு எடுத்தேன். முன்பக்கம் பத்து அங்குல ஸ்பீக்கருக்கு எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வளையம் வைத்து, வளையத்துக்கும் அச்சுக்கும் நடுவில் துணியை இழுத்துக் கட்டி, அதையும் ரெசினில் நனைத்து இறுக்கினேன். கன்னம் போல வளைந்து, பார்க்க அழகாக வந்தது. ஆனால் சுவருக்கு மொத்தம் இரண்டே மேட். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒன்று இறுகினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் கனம் தரும். பாட்டுப் போட்டதும் பக்கச் சுவர் 'விர்ர்ர்' என்று உதறியது. உள்ளங்கையை அழுத்தி வைத்தால் அடங்கும், எடுத்தால் மறுபடி உதறும்.

காசிமேட்டில் ஃபைபர் படகு பழுது பார்க்கிற ஒரு பெரியவரிடம் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பாட்டைக் கேட்கவே இல்லை. தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டினார். "கூடு உதறுது தம்பி. இன்னும் நாலு மேட்டு போடணும்" என்றார். போட்ட பிறகு தட்டினால் 'டொம்' போய் 'டொக்' என்று கேட்டது. அன்றைக்குத்தான் பேஸ் பேஸாக வந்தது.

காரணம் இதுதான். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்பக்கக் காற்றை இழுக்கிறது. முன்னால் போகிற அலையும் பின்னால் போகிற அலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர், காரைவிடவே நீளம். அவ்வளவு நீளமான அலை கூம்பின் விளிம்பைச் சுற்றி எளிதாக வந்து முன்னலையை அழித்துவிடும். ஸ்பீக்கரைக் கையில் வெறுமனே பிடித்து ஓட்டிப் பாருங்கள், பேஸே இருக்காது. பாக்ஸின் முதல் வேலை அந்தப் பின்னலையை முன்னலையோடு சேரவிடாமல் பிடித்து வைப்பது. ஆகவே அது அணைக்கட்டு போன்ற பொருள். அணை ஆடலாமா?

இதனால் சொல் 'அதிர்' என்ற பக்கத்திலிருந்து வராமல் 'அடை' என்ற பக்கத்திலிருந்து வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் 'ஒலிச்சிறை' என்று எழுதிப் பார்த்தேன். கல் அணையைக் 'கற்சிறை' என்று சொன்ன மொழி இது, பொருள் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இன்றைக்குச் சிறை என்றால் கம்பிதான் நினைவுக்கு வருகிறது, கடையில் போய் யாரும் கேட்க மாட்டார்கள். பெரியவர் யோசிக்காமல் சொன்ன 'கூடு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பெட்டி என்றால் சதுரம் தோன்றும். நம் ஃபைபர் வேலையோ மூலைக்கு ஏற்றபடி வளைந்து போவது, கூடு என்ற சொல் அதற்கும் இடம் தருகிறது. ஆக, முழுவதும் மூடிய வகைக்கு 'அடைகூடு'. அடைத்த கூடு, அடைக்கிற கூடு, அடைக்கும் கூடு என்று விரியும் வினைத்தொகை. நடுவில் ஒற்று வராது.

1954இல் எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் கொண்டுவந்த ஸ்பீக்கர் இந்த அடைகூட்டை நம்பியதுதான். அடைபட்ட காற்றே சுருள்வில் போல இருந்து கூம்பைத் திரும்ப இழுக்கும். அதனால் கூட்டின் கொள்ளளவு முக்கியம். சிறிதானால் வில் விறைப்பாகி அடிநாதம் குறையும். பத்து அங்குலத்துக்குப் பொதுவாக 17 முதல் 28 லிட்டர் வரை கேட்கிறார்கள். வளைந்த கூட்டை நாடா வைத்து அளக்க முடியாது. நான் தெர்மாகோல் மணியைக் கொட்டி நிரப்பி, பிறகு அதை லிட்டர் குறியிட்ட பக்கெட்டில் அளந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய ஐயா, "துளை உள்ள பாக்ஸும் இருக்கிறதே, அதில் அடைப்பு எங்கே?" என்று கேட்டிருக்கிறார். மிகச் சரியான கேள்வி. அந்தத் துளை, அதாவது போர்ட், வைத்த பாக்ஸில் பின்னலையை முழுதாக அடைப்பதில்லை. குறிப்பிட்ட நீளமும் அகலமும் உள்ள குழாய் வழியாக, குறிப்பிட்ட சுருதிக்கு அருகே, முன்னலையோடு ஒத்துப் போகும்படி திருப்பி வெளியே விடுகிறார்கள். கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் அடிநாதத்தை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்கும் உள்ளே இருக்கிற காற்றுக்கும் உள்ள அதே உறவுதான் இங்கேயும். தேக்கி வைத்து, வேண்டிய அளவுக்குத் திறந்து விடுகிற வழிக்கு நம் ஏரிக்கரையில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: மடை. அதனால் போர்ட் என்பதற்கு 'மடை', அந்த வகைப் பாக்ஸுக்கு 'மடைக்கூடு'. இங்கே மடை பெயர்ச்சொல், மடையை உடைய கூடு என்று பொருள், ஆகவே 'க்' மிகும். அடைகூடு, மடைக்கூடு என்று இரண்டும் எதுகையாக நிற்பது நினைவில் வைக்கவும் உதவும். குழாயை நீட்டினால் சுருதி இறங்கும் என்பதை 'மடை நீண்டால் சுருதி இறங்கும்' என்றே எழுதலாம், படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

சப்வூஃபர் என்ற ஸ்பீக்கருக்கு நண்பர்கள் சொன்னவற்றில் 'உறுமி' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆங்கிலத்திலும் நாய் குரைக்கிற ஒலியிலிருந்துதான் வூஃபர் என்ற பெயர் பிறந்தது. ஆனால் உறுமி ஒரு தோற்கருவி. அதை வாசிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் கருவியின் பெயரை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. இன்னொருவர் சொன்ன 'மெலிவொலிப்பான்' தமிழிசை மரபில் சரியான சொல், கீழ் ஸ்தாயிக்கு மெலிவு என்றுதான் பெயர். ஆனாலும் இன்றைய காதுக்கு மெலிவு என்றால் பலவீனம். 'அடியொலிப்பான்' போதும் என்று நினைக்கிறேன். டிக்கி என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து அப்படியே விட்டுவிடுங்கள். 'பின்பேழை' என்றால் மெக்கானிக் எந்தப் பேழை என்று கேட்பார்.

இனி ஃபைபர் வேலைக்கான சொற்கள். 'கண்ணாடியிழை' என்பது இழையை மட்டும் குறிக்கும். இழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய பொருளுக்கு 'இழைப்பிசின்' என்று வைக்கலாம். மேட் என்பது நேராகவே பாய்தான், ஆகவே 'இழைப்பாய்'. பள்ளத்தை நிரப்பிப் பூசுகிற 'பட்டி' ஏற்கெனவே நம்முடையதாகிவிட்டது, உப்புத்தாளும் அப்படியே. ரெசின் பாதி இறுகி ரப்பர் போல இருக்கும் நேரத்தில்தான் ஓரங்களைக் கத்தியால் வெண்ணெய் போல வெட்ட முடியும், விட்டால் பிறகு ரம்பம்தான். அந்த நேரத்துக்குப் 'பதம்' என்ற சமையலறைச் சொல்லைவிட நல்லது கிடைக்காது. வெல்லப் பாகு காய்ச்சியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இதை எல்லோரும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ரெசினை இறுக வைக்கிற ஹார்டனருக்கு 'இறுக்கி' என்றும், அந்த இறுகலை வேகப்படுத்துகிற கோபால்ட்டுக்கு 'முடுக்கி' என்றும் நம் குழுவின் சொற்பட்டியலில் ஏறியிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரியான பெயர்கள். ஆனால் இந்த இரண்டும் பட்டறையில் சின்னச் சின்ன பாட்டில்களில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை. ஒரு கிலோ ரெசினில் முதலில் கோபால்ட்டைக் கலந்து, நன்றாகக் கலக்கிய பிறகுதான் 10 முதல் 20 கிராம் ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று ஊற்றினால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். அடை, மடை மாறிப்போனால் ஒலிதான் மாறும். இறுக்கி, முடுக்கி மாறிப்போனால் கை போகும், கண் போகும். ரெசின் நெடியில், முகமூடிக்குள்ளிருந்து ஒருவர் "அந்த இறுக்கியை எடு" என்று சொல்லும்போது காதில் விழுவது கடைசி 'உக்கி' மட்டும்தான். இதில் ஓசை ஒற்றுமை வேண்டவே வேண்டாம். ஹார்டனர் 'இறுக்கி'யாக இருக்கட்டும். கோபால்ட்டைக் 'கோபால்ட்டு' என்றே எழுதுவோம், கடையிலும் அப்படித்தான் கேட்கிறார்கள். பட்டியலைப் பராமரிக்கிற அம்மா அடுத்த பதிப்பை வெளியிடும் முன் 'முடுக்கி'யை எடுத்துவிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அன்புடன்.