நெல் வயலாலயும் பூமி சூடாகுதாம், நம்பலாமா?

சும்மாகேட்டேன்:
நேத்து எங்க ஊர் சமுதாயக்கூடத்துல கார்பன் கிரெடிட் கம்பெனிக்காரங்க, அதான் பூமியைச் சூடாக்குற வாயுவைக் குறைச்சதைக் கணக்குப் போட்டு விக்கிறவங்க, கூட்டம் போட்டாங்க. வயல்ல தண்ணி கட்டி வெச்சா மீத்தேன்னு ஒரு வாயு வருதாம், பூமி சூடாகுதாம். காயப்போட்டுப் பாய்ச்சினா காசு தருவாங்களாம். கல்லணை கட்டின காலத்துலேர்ந்து இங்க நெல்லுதானே? அப்போ ஏறாத சூடு இப்போ மட்டும் எப்படி ஏறுச்சு? புகைபோக்கி வெச்சவனை விட்டுட்டு கோவணம் கட்டினவனைப் பிடிக்கிறாங்க. இன்னொண்ணு, மனுஷனாலதான் சூடு ஏறுதுங்கறதையே நான் முழுசா நம்பல. சூரியன் கூடக்குறைய எரியாதா? எரிமலை புகை விடாதா?

கணக்குவாத்தி:
சூரியனை முதல்ல முடிச்சுடுவோம். சூரியன் கூடுதலா எரிஞ்சா காத்துமண்டலம் கீழேயிருந்து மேல வரைக்கும் சூடாகணும். இங்க கீழ் அடுக்கு சூடாகுது, அதுக்கு மேல் அடுக்கு குளிர்ந்துகிட்டே வருது. சூடு வெளியே போகாம கீழேயே மாட்டிக்குதுன்னு அர்த்தம். அதைப் பிடிச்சு வைக்கிறது கரியமில வாயு மாதிரி வாயுக்கள். 1958ல ஹவாய் தீவுல மௌனா லோவா மலையில கீலிங்னு ஒரு விஞ்ஞானி அளக்க ஆரம்பிச்சப்போ காத்துல பத்து லட்சத்துக்கு சுமார் 315 பங்கு கரியமில வாயு. இப்போ 420ஐத் தாண்டியாச்சு. தொழிற்புரட்சிக்கு முன்னாடி 280தான்.

அது நம்ம எரிச்ச கரிதான்னு எப்படித் தெரியும்னு அடுத்து கேப்பீங்க. மண்ணுக்குள்ள கோடிக்கணக்கான வருஷம் கிடந்த கரியில கார்பன்-14 (காலப்போக்குல தானா அழிஞ்சுபோற ஒரு கார்பன் வகை) மிச்சம் இருக்காது. அதை எரிக்க எரிக்க காத்துல அந்தப் பங்கு நீர்த்துப்போகும். மரத்தோட வளையங்கள்ல இந்த நீர்த்தலை 1950கள்லயே ஹான்ஸ் சூஸ்ங்கற விஞ்ஞானி கண்டுபிடிச்சுட்டார். எரிமலை எல்லாம் சேர்ந்து விடுற கரியமில வாயு நம்ம விடுறதுல நூத்துல ஒரு பங்குகூட வராது.

சும்மாகேட்டேன்:
கரிக்கணக்கு சரின்னே வெச்சுக்குவோம் சார். நெல்லு எங்க வந்துச்சு இதுல?

அனல்காற்று:
நல்லாவே வந்துச்சு. மனுஷன் செய்யறதால வர்ற மீத்தேன்ல சுமார் 8 சதவீதம் நெல் வயல். 20 வருஷக் கணக்குல மீத்தேன் கரியமில வாயுவைப் போல சுமார் 80 மடங்கு சூடேத்தும். 'எங்க தாத்தா காலத்துலேர்ந்து'ன்னு சொல்றது பதில் ஆகாது. தாத்தா ஒரு போகம் போட்டார், நீங்க ரெண்டு மூணு போகம் போடுறீங்க. 1750 வாக்குல காத்துல நூறு கோடிக்கு 700 சொச்சம் பங்கு இருந்த மீத்தேன் இப்போ 1900க்கு மேல.

வெண்ணாற்றான்:
தம்பி, அந்த 700லேர்ந்து 1900 முழுக்க நெல்லா? மிச்ச 92 சதவீதம் யாரு? அதையும் எழுதிட்டு அப்புறம் என் வயலுக்கு வாங்க.

ஆனா வாயு வருதுங்கறதை நான் மறுக்கல. நடவு முடிஞ்சு ஒரு மாசம் தண்ணி நின்ன வயல்ல கால் வைங்க, கணுக்கால் புதையறப்போ குமிழ் குமிழா மேல வரும். அழுகின முட்டை நாத்தம் சேர்ந்து வரும். சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறதுதான்.

கணக்குவாத்தி:
நாத்தம் கந்தக வாயு அண்ணே. மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. 1776ல இத்தாலியில விஞ்ஞானி வோல்டா இதே மாதிரி ஏரிச் சேத்தைக் கிளறித்தான் அந்த வாயுவைப் புட்டியில பிடிச்சார். உங்க வயல்ல குமிழா வர்றது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெல் தண்டோட உள்குழல் வழியா சத்தமில்லாம வெளியே போயிடும். தண்ணி மூடினா மண்ணுக்குக் காத்து கிடைக்காது. காத்து வேண்டாத நுண்ணுயிர்கள் வைக்கோல், தழை, வேர்க் கசிவையெல்லாம் தின்னு மீத்தேனா விடும்.

வெண்ணாற்றார் கேட்டதும் நியாயம். மனுஷனால வர்ற மொத்த மீத்தேன்ல சுமார் 35 சதவீதம் கரிச்சுரங்கம், எண்ணெய், எரிவாயு. 32 கால்நடை. 20 குப்பை, கழிவுநீர்.

சும்மாகேட்டேன்:
ஆங்! அப்போ எண்ணெய்க்கிணத்துக்காரன்கிட்ட போய்க் கூட்டம் போடச் சொல்லுங்க. இதே டெல்டாவுல மண்ணுக்கடியில மீத்தேன் எடுக்க வர்றோம்னு வந்தப்போ நாங்க ரோட்டுல உட்கார்ந்தோம். இப்போ மேல வர்ற மீத்தேனுக்கு எங்க மேலயே குத்தமா?

அனல்காற்று:
குத்தம்னு நான் சொல்லவே இல்ல, அளவுதான் சொன்னேன்.

கணக்குவாத்தி:
அளவு சொன்னா ஆயுசையும் சொல்லணும் அனல்காற்று. மீத்தேன் சுமார் 12 வருஷத்துல கரைஞ்சுடும். பரப்பு, போகம் மாறாம இருந்தா வர்றதும் கரையறதும் ஏறக்குறைய சமமாகும். கரியமில வாயு அப்படி இல்ல. இன்னிக்கு அனல்மின் நிலையத்துல எரிச்சதுல ஒரு பங்கு நம்ம பேரனோட பேரன் காலத்துலயும் மேலதான் இருக்கும். நெல்லுல இருக்கிற கார்பன் போன மாசம் காத்துலேர்ந்து எடுத்தது, நெய்வேலி பழுப்பு நிலக்கரியில இருக்கிறது கோடி வருஷத்துக்கு முந்தினது. ரெண்டையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது. 2021ல கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுல, மீத்தேனைக் குறைப்போம்னு நாடுகள் உறுதிமொழி கொண்டுவந்தப்போ இந்தியா அதுல சேரல.

அனல்காற்று:
அதே 12 வருஷத்தைத் திருப்பிப் பாருங்க. இன்னிக்குக் குறைச்சா பலன் நம்ம கண்ணுக்கு முன்னாடியே தெரியும். செலவும் இல்ல, நீரும் மிச்சம். காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில மீத்தேன் மூணுல ஒரு பங்குக்கு மேலயே குறையும்னு வயல்ல அளந்து பார்த்திருக்காங்க. இதுல விவசாயிக்கு என்ன நஷ்டம்?

வெண்ணாற்றான்:
செலவு இல்லையா? ரெண்டு வருஷம் செஞ்சு பார்த்தவன் சொல்றேன், கேளுங்க. ஓட்டை போட்ட ஒரு அடி பிளாஸ்டிக் குழாயை அரையடி மண்ணுக்குள்ள இறக்கணும். குழாய்க்குள்ள தண்ணி அந்த அரையடிக்கும் கீழ போனா திரும்பப் பாய்ச்சணும். பூக்கற நேரத்துல மட்டும் காய விடக் கூடாது. இவ்வளவுதான் வித்தை. குறுவையில, போர்செட் இருக்கிற வயல்ல, நல்லாவே ஓடுச்சு. விளைச்சல் குறையல.

சம்பாவுல? ஐப்பசி, கார்த்திகையில எங்க வயலைக் காயப்போட வருண பகவான்கிட்டதான் மனு கொடுக்கணும். வாய்க்கால் பாசனக்காரன் பாடு இன்னும் மோசம். முறை வெச்சுத் தண்ணி விடுறாங்க, அடுத்த முறை என்னிக்குன்னு தெரியாதவன் இருக்கிற தண்ணியை எப்படி வடிய விடுவான்?

அப்புறம் களை. நாங்க தண்ணி கட்டுறது பாதி பயிருக்கு, பாதி களைக்கு. காய விட்ட பத்தாம் நாள் கோரை தலை தூக்கும். ஆள் கூலி யாரு தர்றது? கிரெடிட் கம்பெனி குழாய் மட்டும்தான் தந்துச்சு. காசு 'அடுத்த போகத்துல'ன்னாங்க, ரெண்டு போகம் போயாச்சு.

அனல்காற்று:
களை விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே, செலவு இல்லன்னு சொன்னது தப்பு. ஒண்ணு கேட்கலாமா? பசுந்தாள் உரமா தக்கைப்பூண்டு மடக்கி உழுவீங்களா? தண்ணிக்குள்ள பச்சைத்தழை அழுகினா மீத்தேன் கூடும்ல?

வெண்ணாற்றான்:
கூடும்தான். அதை விட்டா யூரியா மூட்டை. காயற வயல்ல யூரியாவுலேர்ந்து நைட்ரஸ் ஆக்சைடு வரும், அது இன்னும் பொல்லாததுன்னு வேளாண் அலுவலரே சொன்னார். எந்தப் பக்கம் போனாலும் ஒரு வாயு நிக்குது.

கணக்குவாத்தி:
வரும். ஆனா ரெண்டையும் கூட்டிக் கழிச்சாலும் காயப்போட்ட வயல்தான் பெரும்பாலும் கம்மியா விடுது. உரத்தை ஒரே தடவையா கொட்டாம பிரிச்சுப் போட்டா இன்னும் குறையும்.

சும்மாகேட்டேன்:
என்கிட்ட ஒரு போர்செட் இருக்கு, குறுவை மூணு மா (சுமார் ஒரு ஏக்கர்). குழாய் எத்தனை இஞ்ச்? எங்க புதைக்கிறது?

வெண்ணாற்றான்:
ஆறு இஞ்ச் எடுங்க, கை உள்ள போகணும், சேறு அடைச்சா தோண்டி எடுக்க. வரப்புலேர்ந்து எட்டிப் பார்க்கிற தூரத்துல வைங்க, வயல் நடுவுல வேண்டாம். மூணு மாவுக்கு ஒண்ணு போதும், மட்டம் சரியா இருந்தா. மட்டம் இல்லன்னா முதல்ல பரம்படிச்சுட்டு வாங்க, அப்புறம் குழாய் பேசலாம்.