பழைய வீட்டில் மின்சாரச் சமையலும் சூரியத் தகடும்: கட்டுப்படியாகுமா?

கேள்வி (பள்ளத்தூர்)
எங்கள் ஐயா காலத்து வீட்டின் இரண்டாம் கட்டில் ஆத்தாவும் நானும் மட்டும் இருக்கிறோம். சமையலை இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாற்றி, மாடியில் சூரியத் தகடு அமைக்க விரும்புகிறேன். ஆனால் வயரிங் எல்லாம் மரச்சட்டத்தின்மேல் ஓடும் பழைய கம்பி. எர்த் இருப்பதாகத் தெரியவில்லை. பார்க்க வந்தவரோ வீடு முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்று சொல்லி, எங்களுக்கு எட்டாத தொகையைக் கேட்கிறார். மின் இணைப்பு இன்னும் ஐயா பெயரிலேயே இருக்கிறது. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1 (வயரிங் ஒப்பந்ததாரர், காரைக்குடி)
ஆச்சி, முகப்பிலிருந்து பின்கட்டு வரை அத்தனையையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியதில்லை. 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகவே கூடாது. மெயின் போர்டிலிருந்து அடுப்படிக்கு மட்டும் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 16 ஆம்பியர் பிளக், அதற்கென ஓர் எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்), புதிய எர்த், மொத்த இணைப்புக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) ஆகியவற்றை முதலில் போடுங்கள். பழைய கம்பியில் கசிவு இருந்தால் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும், தொல்லை என்று அதைக் கழற்றிவிடாதீர்கள், ஒவ்வொரு பகுதியாகத் துண்டித்துப் பார்த்தால் எதை அடுத்து மாற்ற வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும். புழங்காத அறைகளின் இணைப்பை மெயினிலேயே துண்டித்துவிடலாம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவரை மட்டும் வெட்ட விடாதீர்கள். வெளிப்புறக் குழாயே போதும், வெட்டிய சுவரைப் பழையபடி பூச ஆள் தேடும் செலவு கம்பியின் விலையைத் தாண்டிவிடும்.

பித்தளையும் வெண்கலமும் இண்டக்‌ஷனில் சூடேறா. ஆனால் பரணில் கிடக்கும் இனாமல் பாத்திரங்கள் உள்ளே இரும்பு என்பதால், அடி சமமாக இருந்தால் சூடேறும்.

பதில் 2 (ஓய்வுபெற்ற மின் பொறியாளர், தேவகோட்டை)
சூரியத் தகட்டுக்கு அவசரம் வேண்டாம், அம்மா. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இருவர் மட்டும் வாழும் வீட்டில் மின்கட்டணம் குறைவாகவே இருக்கும் என்பதால், தகட்டுக்குப் போட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகலாம். சமையல் மாறிய பிறகு பயனளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 1 கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். உங்களுக்கு அதுவே மிகுதி. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. ஆனால் தகடு பொருத்தி முடிந்த பின்னரே அது வங்கிக் கணக்கில் வரும் என்பதால், முழுத் தொகையையும் முன்கூட்டியே புரட்டவோ கடனாக வாங்கவோ வேண்டியிருக்கும். கையில் சேமிப்பு இல்லாத குடும்பங்கள் இந்த இடத்தில்தான் பின்வாங்குகின்றன. தகட்டை நாட்டு ஓட்டின்மீது பொருத்த வேண்டாம். தட்டைத் தளத்திலும் எடை தாங்குமா என்று சோதித்த பிறகே வையுங்கள்.

பதில் 3 (கோட்டையூர்)
மேலே சொன்ன எதற்கும் முன்பாக இணைப்பைப் பெயர் மாற்றுங்கள். அதற்கு வாரிசுச் சான்றிதழோடு மற்றவர்களின் சம்மதமும் தேவைப்படும். தொலைபேசியில் கேட்டால் ஆளுக்கோர் ஐயம் எழும். எங்கள் வீட்டில் முன்னோரை வணங்கும் படைப்புக்குப் பங்காளிகள் கூடியபோது, தகடு வைப்பதால் மாடியின்மீது தனியுரிமை எதுவும் வராது என்று ஒரு வரி சேர்த்து எழுதியதும் எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.