திரும்பக் கட்டிய ஜப்பான் கோட்டைகள்: உங்கள் அனுபவம்?

நாடோடி:
ஒசாகா. அகழியும் மலைபோன்ற கற்களும் தாண்டி ஆசையாகக் கோபுரத்துக்குள் நுழைந்தால் எதிரே லிஃப்ட்! ஜப்பானை ஒன்றுசேர்த்த படைத்தலைவர் ஹிதேயோஷி 1583ல் தொடங்கிய கோட்டை என்று நினைத்துப் போனவன் நான். நிற்பது 1931ல் எழுப்பிய கான்கிரீட். எட்டாவது மாடியில் நின்று ஊரைப் பார்த்தபோதும் மனசு ஒட்டவில்லை. இன்னும் உறுத்துகிறது.

மழைக்காகம்:
எனக்குக் குமாமோட்டோ. 2016 ஏப்ரல் நிலநடுக்கத்தில் மதில்கள் சரிந்தன. கோபுரத்தை 2021ல் திறந்துவிட்டார்கள், அதில் எனக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை. விழுந்த கற்களைத் தரையில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள், அங்கேதான் கால் நின்றுவிட்டது. கல்லுக்குக் கல் ஒரு எண். பழைய படங்களோடு ஒப்பிட்டு, எது எங்கே இருந்ததோ அதே இடத்தில் திரும்ப வைக்கிறார்கள். எல்லா வேலையும் முடிய 2052 ஆகுமாம். ஒரு கல்லைச் சுற்றி முழங்கால் உயரம் புல் வளர்ந்திருந்தது.

கோட்டைப்பித்தன்:
நாடோடி சொல்வதை ஏற்க முடியாது. நீங்கள் பார்த்த அந்தக் கற்களே ஹிதேயோஷி வைத்தவை அல்ல. 1615ல் அவர் வம்சம் தோற்றபின், அவர்களை வென்ற தோகுகாவா வம்ச ஆட்சி பழைய கோட்டையை மண்ணுக்குள் புதைத்து அதன்மேல் புதிதாகக் கட்டியது. அந்தக் கோபுரமும் 1665ல் இடி விழுந்து எரிந்தது. முதல் இரண்டு கோபுரங்களும் நாற்பது வருடம்கூட முழுதாக நிற்கவில்லை. ஊர்மக்கள் நன்கொடையில் எழுந்த இந்தக் கான்கிரீட் கோபுரமோ 1945 குண்டுவீச்சையும் தாங்கித் தொண்ணூறு வருடம் தாண்டி நிற்கிறது. இதைப் போலி என்றால் எப்படி?
மரக்கோட்டைதான் வேண்டுமென்றால் ஹிமேஜிக்குப் போங்கள், 1609ல் எழுந்த கோபுரம் அப்படியே இருக்கிறது. செருப்பைக் கழற்றிப் பையில் தூக்கிக்கொண்டு ஏறணும், படிகள் ஏணி மாதிரி செங்குத்து. வழுக்காத சாக்ஸ் போடுங்கள். காலையிலேயே போய்விடுங்கள். அப்புறம் ககேகாவா, 1994ல் மரத்திலேயே திரும்பக் கட்டியது, அதையும் விடாதீர்கள்.

தாழ்வாரம்:
ஐசு. கோட்டையைவிட பக்கத்திலிருக்கும் ஈமோரி மலைதான் மனதில் நிற்கிறது. 1868 உள்நாட்டுப் போரில் ஐசு படையில் இருந்த பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் அங்கிருந்து புகையைப் பார்த்துக் கோட்டை விழுந்துவிட்டது என்று நம்பினார்கள். பத்தொன்பது பேர் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கோட்டையோ அப்போது விழவே இல்லை. இப்போது இருக்கும் கோபுரம் 1965ல் கட்டியது, சரி. அதே இடத்தில் நின்று தேடினேன். கிடைக்கவே நேரமாயிற்று, அவ்வளவு சிறியதாகத் தெரிகிறது. கூட வந்த என் மகனுக்கும் பதினாறு. "அதுவாப்பா?" என்று வேறொரு கட்டடத்தைக் காட்டினான்.