கரண்ட் போன நேரத்தில் உங்கள் கடல்மீன் தொட்டியின் சம்ப் என்ன செய்தது? பார்த்ததைச் சொல்லுங்கள்

கோவை_கடல்நீர்:
திருப்பூரில் நண்பர் வீடு. மாதாந்திர ஷட்டவுன் நாள். நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டடி தொட்டி, கீழே கேபினட்டுக்குள் மூன்றடி சம்ப் (மேல்தொட்டித் தண்ணீர் இறங்கி, சுத்தமாகி, பம்ப் வழியாகத் திரும்ப மேலே ஏறுகிற கண்ணாடித் தொட்டி), தொட்டி செய்தவரே பைப் வேலையும் பார்த்தது. கரண்ட் போனதும் கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கும் இல்லையா, அன்றைக்கு அடங்கவில்லை. கேபினட்டைத் திறந்தால் சம்ப் விளிம்பு வரை தண்ணீர். பம்ப் தண்ணீரை மேலே ஏற்றுகிற ரிட்டர்ன் பைப்பில் சைஃபன் அறுவதற்காக, அதாவது பம்ப் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் அதே பைப்பில் உறிஞ்சித் திரும்பாமல் காற்று புகுவதற்காகப் போட்டிருந்த ஓட்டையில் ஒரு சின்ன நத்தை உட்கார்ந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் பார்த்தது சம்ப்பை ஒட்டித் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை. உப்புத் தண்ணீர் கண்ணாடி மேல் வழிந்து அதை நோக்கிப் போகிறது. நண்பரின் அம்மா பழைய துணியோடு குனிந்து துடைக்க ஆரம்பித்துவிட்டார். கரண்ட் எந்த நொடியும் வரலாம். "அம்மா, தொடாதீங்க" என்று கத்திக்கொண்டே மெயினை இறக்க ஓடினேன். இறக்கிவிட்டுத் திரும்பினால் அவர் கை அந்தப் பாக்ஸ் மேலேயே இருந்தது, ஈரம் படாமல் தூக்கி வைக்கிறாராம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போதெல்லாம் மீனைப் பார்ப்பதற்கு முன் கேபினட்டைத்தான் திறந்து பார்க்கிறேன். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

தோப்பு_பொள்ளாச்சி:
ஏனுங்க, ரிட்டர்ன் லைனில் தண்ணீரைத் திரும்ப விடாத வால்வ், ஒரு என்.ஆர்.வி. போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வ் இல்லாமல் யாராவது பைப் இறக்குவார்களா? ஊருக்கெல்லாம் பம்ப் செய்து கொடுக்கிற சீமை நம்முடையது, இதைக்கூட யோசிக்காமல் பைப் போட்டால் எப்படி? என் தொட்டியில் போட்டிருக்கிறேன். ரிட்டர்ன் வழியாக ஒரு சொட்டுத் திரும்பாது.

எனக்கு மறக்காதது 2012 மின்வெட்டு. இன்வெர்ட்டரும் தீர்ந்த ஒரு ராத்திரி, டார்ச் அடித்துப் பார்த்தால் க்ளவுன் மீன் ரெண்டும் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. விடியும் வரை சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். இரண்டும் பிழைத்தன. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும், எல்லோருக்கும் சொல்கிறேன்.

கோபி_ரீஃப்:
தோப்பு அண்ணா, கோவிச்சுக்காதீங்க. கிணற்றில் மண் வரும், பாசி வரும். உப்புத் தொட்டியில் கோரலைன் பாசி சுண்ணாம்பாகப் படியும், குழாய்ப்புழு வெள்ளை வெள்ளையாக ஒட்டும். என் மாமா வீட்டு என்.ஆர்.வி.யை நானே கழற்றினேன். கதவு பாதி திறந்தபடி நின்றுவிட்டது, விரலால் தள்ளினாலும் மூடவில்லை. பம்ப் ஓடுகிற வரைக்கும் அது கெட்டிருப்பது யாருக்கும் தெரியாது, தேவைப்படுகிற அந்த ஒரு நேரத்தில்தான் தெரியும். போடவே கூடாதென்று சொல்லவில்லை. அதை நம்பி சம்ப்பில் இடம் விடாமல் இருக்காதீர்கள் என்கிறேன். தவிர, என்.ஆர்.வி. நன்றாக இருந்தாலும் மேல்தொட்டியிலிருந்து சம்ப்புக்கு வடிகிற ஓவர்ஃப்ளோ வழியாகக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

திருப்பூர்த் தொட்டியையே கணக்குப் போடலாம். 120க்கு 60 செ.மீ. தொட்டியில் ஒரு செ.மீ. இறங்கினால் 7.2 லிட்டர். ஓவர்ஃப்ளோவின் பல் போன்ற வெட்டு வரைக்கும் 4 செ.மீ. இறங்குகிறது என்றால் 29 லிட்டர். சம்ப் 90க்கு 40 என்றால் அங்கே ஒரு செ.மீ.க்கு 3.6 லிட்டர், அதாவது மட்டம் 8 செ.மீ. ஏறும். 40 செ.மீ. உயர சம்ப்பில் ஓடும்போது 22 இருந்தால் 30இல் நிற்கும், பயமில்லை. ரிட்டர்ன் வாய் 12 செ.மீ. ஆழத்தில் இருந்து, அந்த ஓட்டையும் அடைத்துக்கொண்டால்? 86 லிட்டர். 24 செ.மீ. ஏறியாக வேண்டும். இடமில்லை, தரைக்குத்தான் வரும். ஆகவே ஓட்டை, வால்வ் எல்லாம் இரண்டாவது. ரிட்டர்ன் வாயை மேல்மட்டத்துக்குக் கீழே 2 செ.மீ.க்குள் வையுங்கள், நத்தை எங்கே உட்கார்ந்தாலும் சம்ப் தாங்கும். தொட்டி நிரப்பிய முதல் நாளே பிளக்கைப் பிடுங்கி, ஓட்டையை டேப் வைத்து மூடி, சம்ப் வழியாமல் நிற்கிறதா என்று பாருங்கள்; நின்றால், ஓடும்போது சம்ப்பில் இருந்த மட்டத்துக்குக் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஓடும்போது தண்ணீர் வைக்கவே கூடாது.

அப்புறம் கோவை_கடல்நீர், பாக்ஸைத் தரையிலிருந்து தூக்கிக் கேபினட்டுக்கு வெளியே சுவரில் அடிக்கச் சொல்லுங்கள். வயர் சாக்கெட்டுக்குப் போகுமுன் கீழே தொங்கி ஏறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அந்த லைனுக்கு, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். அந்த அம்மாவுக்காகச் சொல்கிறேன்.

ஈரோடு_சித்திரை:
கரண்ட் இருக்கும்போதே நடந்தது என்னுடையது. தங்கை வீட்டில் ஸ்கிம்மரும் (தண்ணீரை நுரைக்கவைத்து அழுக்கைப் பிரித்து மேலே ஒரு கப்பில் சேர்க்கிற கருவி) ரிட்டர்ன் பம்ப்பும் சம்ப்பின் ஒரே அறையில். ஆவியாகிற தண்ணீர் எல்லாம் ரிட்டர்ன் அறையில்தான் குறையும், மற்ற அறைகளைத் தடுப்புக் கண்ணாடி நிறுத்திவைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் மே மாதம், சம்ப் மேல் ஃபேன், மட்டம் மளமளவென்று இறங்குகிறது. ஸ்கிம்மர் நுரைப்பதே இல்லை. சாயங்காலம் தங்கை வீட்டுக்காரர் ஒரு குடம் ஆர்.ஓ. தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினார். மட்டம் ஏறியது, ஸ்கிம்மர் பொங்கியது, ஒரு வாரமாக எடுத்து வைத்த கருப்புத் தண்ணீர் முழுக்க கப்பிலிருந்து வழிந்து மறுபடி சம்ப்புக்குள் போனது. அந்த நாற்றத்தில் அம்முச்சி சாப்பிடாமல் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

ஸ்கிம்மருக்குத் தனி அறை, மட்டம் மாறாத தடுப்பு. என்ன ஆழம் என்று அதன் அட்டையிலேயே போட்டிருக்கும். இது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

சேலம்_அலை:
டவுனில் ஒரு கடையில் நடந்தது. சம்ப்புக்குப் போட லைவ் ராக், அதாவது மீன் கழிவை முறிக்கிற பாக்டீரியா குடியிருக்கிற கடல் பாறை கேட்டேன். உள்ளே கூட்டிப்போய் ஈரச்சாக்கை விலக்கிக் காட்டினார்கள், ராமேஸ்வரம் பக்கத்து உயிர்ப்பவளம். இன்னும் அதில் சளி இருந்தது. வாங்காமல் வந்துவிட்டேன்.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. ஒரு காலத்தில் அங்கே சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் பவளத்தை வெட்டி வெட்டித்தான் திட்டுகள் அழிந்தன. நம் வீட்டுத் தொட்டிக்காக இன்னும் பெயர்க்க வேண்டாம். பாக்டீரியா குடியேறத் துளைகள் நிறைந்த எந்தப் பரப்பும் போதும், பீங்கான் மீடியாவைச் சம்ப்பில் கொட்டி வாரக்கணக்கில் பொறுத்திருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன் விடுங்கள். மீனும் அப்படித்தான், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிற முறையைக் கொண்டுவந்திருக்கிறது, பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள். போர் தண்ணீரில் உப்புக் கலக்காதீர்கள். பித்தளை நிப்பிள் எதுவும் லைனில் வேண்டாம், செம்பு இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொல்லும்.

தோப்பு_பொள்ளாச்சி:
சேலத்துத் தம்பி, நல்ல விஷயம்தான். இங்கே பேச்சு கரண்ட் போவதைப் பற்றி. கோபியம்மிணிக்கு: யூனியன் (கழற்றி மாட்டுகிற இணைப்பு) வைத்து என்.ஆர்.வி.யை ஒட்டினால் கழற்றி வினிகரில் ஊறப்போடலாம், சுண்ணாம்பு கரைந்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன். இடமும் விடுங்கள், வால்வும் போடுங்கள், இரண்டும் இருக்கட்டும் என்கிறேன்.

கரூர்_உவர்நீர்:
எல்லோரும் கரண்ட் போவதைச் சொல்கிறீர்கள். நான் பார்த்தது வந்தபோது. அண்ணன் வீட்டு ஓவர்ஃப்ளோ ரெண்டு பைப் ஹெர்பி முறை, ஒன்று காற்றில்லாமல் தண்ணீர் நிறைந்து இறங்குகிற முழு சைஃபன், கேட் வால்வோடு, ஒன்று அவசரத்துக்கு. கரண்ட் வந்தது, பம்ப் ஓடியது, சைஃபன் பிடிக்கவில்லை. பைப்பில் காற்று மாட்டிக்கொண்டது. அவசரப் பைப்பில் தண்ணீர் இரைச்சலோடு இறங்க, மேல்தொட்டி விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்து அங்கேயே நின்றது. அண்ணி இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காரணம், சைஃபன் பைப்பின் முனை சம்ப் தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழம் வரை போயிருந்தது. கரண்ட் போனபோது சம்ப் மட்டமும் ஏறிவிட்டதால் காற்றைக் கீழே தள்ள அழுத்தம் போதவில்லை. ஆக்சா பிளேடால் முனையை அறுத்து, ஓடும்போது 2 செ.மீ. மட்டும் மூழ்கும்படி விட்டோம். பிளக்கைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தோம். கொஞ்ச நேரம் கடகடவென்றது, பிறகு காற்று வெளியேறி சைஃபன் பிடித்துக்கொண்டது.